பொது நூலகங்கள் சமூக ஊடகத்தை வைத்து வாசகர்களை எப்படி ஈர்க்கலாம்?

ஒரு பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அதன் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் வாட்ஸ்அப் எண்ணையும் கவனிப்பது என் பொறுப்பில்தான் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பதிவு போடச் செலவழிக்கும் நேரத்தைவிட, பதில் சொல்ல அதிக நேரம் ஒதுக்குங்கள்.

நிறைய நூலகங்களின் பக்கங்களைத் திறந்தால் விடுமுறை அறிவிப்பு, பிறந்தநாள் வாழ்த்து, விழா மேடையில் வரிசையாக நிற்பவர்களின் படம், இவ்வளவுதான் இருக்கும். அதற்குக் கீழே யாரோ ஒருவர் "ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?" என்று கேட்டிருப்பார், வாரக்கணக்கில் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் வரத் தயாராக இருந்த மனிதர். அதே கேள்வியை நேரில் வந்து நம் மேசை முன்னால் நின்று கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவோமா? மாட்டோம்தானே. கமெண்டில் கேட்டாலும் அதே மரியாதை வேண்டும்.

நான் அதிகம் நம்புவது ஒரு எளிய வேலையை. வாரத்தில் ஒரு நாள், குறிப்பிட்ட நேரத்தில், "உங்களுக்குக் கடைசியாகப் பிடித்த புத்தகம் எது என்று சொல்லுங்கள், அடுத்து என்ன படிக்கலாம் என்று நாங்கள் சொல்கிறோம்" என்று ஒரு பதிவு. ஒருவர் ஃபோனோடு உட்கார வேண்டும், இன்னொருவர் அடுக்குகளுக்கு நடுவே நின்று புத்தகம் உள்ளே இருக்கிறதா, இரவல் போயிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "எட்டு வயதுப் பையன், டைனோசர் இல்லாத எதையும் தொட மாட்டேன் என்கிறான், என்ன கொடுப்பது?" என்று ஒரு அம்மா கேட்டால், பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகராமல், "இது எங்களிடம் இருக்கிறது, உங்கள் பெயரில் எடுத்து வைக்கட்டுமா?" என்று சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கடைசி வரிதான் திரையில் இருப்பவரை வாசலுக்குக் கொண்டுவருகிறது. இன்னொன்று, கேட்டவர் ஒருவராக இருந்தாலும் அந்தப் பதிலை மௌனமாகப் படிப்பவர்கள் பலர். கமெண்டே போடாத ஒருவர் நேரில் வந்து, "அன்றைக்கு நீங்கள் யாருக்கோ சொன்ன புத்தகம்" என்று கேட்கும்போது எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி எந்த லைக்கிலும் கிடைத்ததில்லை. புத்தகம் பரிந்துரைப்பது நம் தொழில், அதை நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் நாம், அப்புறம் எதற்கு நமக்குத் தெரியாத நடனத்தையும் டிரெண்டையும் துரத்த வேண்டும்?

எழுதும் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் வடகரைக்கு அப்பால் ஆர்க்னி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது, மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ 22,000தான். அங்குள்ள நூலகத்தின் ட்விட்டர் பக்கத்தைத் தொடர்ந்தவர்களின் எண்ணிக்கை அந்த மக்கள்தொகையையே தாண்டியது. அவர்கள் செய்தது மனிதர்கள் பேசுவதுபோல எழுதியது, பக்கத்துத் தீவுக்கூட்டமான ஷெட்லாந்தின் நூலகத்தோடு செல்லமாகச் சண்டை போட்டது, இப்படித்தான். "இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில்" என்ற சுற்றறிக்கை நடையை விட்டாலே பாதி வேலை முடிந்தது.

நியூயார்க் பொது நூலகம் 2018இல் 'இன்ஸ்டா நாவல்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கி, பழைய செவ்வியல் நூல்களை முழுமையாக இன்ஸ்டாகிராம் ஸ்டோரியிலேயே படிக்கும்படி செய்தது. அழகான வேலைதான், ஆனால் விளம்பர நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து செய்தது. சின்ன நூலகம் அதைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. கிழிந்த புத்தகத்தை ஒட்டித் தைக்கும் கைகளை ஒரு நிமிடம் ஃபோனில் எடுத்துப் போடுங்கள், மக்கள் பார்ப்பார்கள்.

சின்ன நூலகமும் செய்யக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 2008இல் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தில் ஏற்றி, தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடம் விட்டது. இது எந்தத் தெரு, இவர் யார், இது எந்த நிகழ்ச்சி என்று ஆட்கள் தேடிப்பிடித்து எழுதினார்கள், நூலகம் அதைச் சரிபார்த்துத் தன் அட்டவணையிலேயே சேர்த்துக்கொண்டது. குறிப்பே இல்லாத பழைய படங்கள் எந்த நூலகத்தின் அலமாரியிலும் கொஞ்சமாவது இருக்கும். வாரத்துக்கு ஒன்றாகப் போட்டுக் கேளுங்கள். வேறு எதற்கும் வாய் திறக்காத மூத்த உறுப்பினர்கள் இதற்கு நீளமாகப் பதில் எழுதுவார்கள்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்குவதற்கு முன் யோசியுங்கள், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, நம் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 2023இல் வந்த சேனலில் எண் வெளியே தெரியாது, ஆனால் அது பெரும்பாலும் ஒருவழிப் பாதை, வாசகரோடு பேச ஏற்றதல்ல. அதனால் அறிவிப்புக்குச் சேனல், பேச்சுக்குத் தனி எண் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

இதில் எல்லாவற்றையும்விடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வாசகரின் அந்தரங்கம். "என் பேரில் எந்தப் புத்தகம் பாக்கி இருக்கிறது?" என்று ஒருவர் பொதுவில் கேட்டாலும் பதிலைத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். விவாகரத்து பற்றியோ ஒரு நோயைப் பற்றியோ படிப்பவருக்கு, அது நமக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்ற நம்பிக்கை இருக்க வேண்டும். அமெரிக்க நூலகச் சங்கம் தன் நூலக உரிமை சாசனத்தில் 2019இல் இதற்கென்றே தனிப் பிரிவு சேர்த்தது. குழந்தைகளின் முகம் தெரியும் படமென்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் போடவே கூடாது. திட்டி எழுதும் கமெண்டை நீக்கலாம், குறை சொல்லும் கமெண்டை நீக்கக் கூடாது.

பலன் இருக்கிறதா என்று பார்க்க லைக்குகளை எண்ண வேண்டாம். உறுப்பினர் படிவத்தில் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கட்டம் சேருங்கள், பதிவு போட்ட வாரத்தில் அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் கேட்டார்கள் என்று குறித்து வையுங்கள், போதும்.

கடைசியாக, கணக்கை நூலகத்தின் மின்னஞ்சலில் தொடங்குங்கள், குறைந்தது இரண்டு பேரிடமாவது அட்மின் உரிமை இருக்கட்டும். ஆர்வமாக நடத்திய ஒருவர் மாற்றலாகிப் போனதும் கடவுச்சொல் தெரியாமல் அப்படியே நின்றுபோன நூலகப் பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றின் கீழே இன்னமும் யாராவது கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.