கடைசி வரியை முதலில் பேசுவோம்

கோவிட் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு மாதமாக வேலை பார்க்கும் செவிலியர் நீங்கள். எனக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதி முடித்துவிட்டு, ஓரத்தில் நுணுக்கி ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "காலையில் கண் விழிக்காமலே போனால் நிம்மதி என்று சில நாள் தோன்றுகிறது."

சாவைப் பற்றிய நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். எப்படி என்று மனம் யோசிக்கத் தொடங்கினால் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், துணையோடு. மருத்துவத் துறையில் இருக்கிற நமக்கு இந்த ஆபத்து கூடுதல். மருந்துகள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. "நீ எப்படி இருக்கிறாய்" என்று நம்மைக் கேட்கத்தான் ஆளில்லை.

முடி கொட்டுவதற்கும் கை கழுவிக் கழுவித் தோல் வெடிப்பதற்கும் பயப்படாதீர்கள். படபடப்புக்கு ஓர் ஈசிஜி, ரத்தசோகை, தைராய்டு பரிசோதனைகள் போதும். மறதியை மூளைத் தேய்மானம் என்று நடுராத்திரியில் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தீர்களே, அந்தத் தேடலை இன்றோடு விடுங்கள். தினமும் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கினால் யாருக்கும் பெயர்கள் மறக்கும்.

வாஷிங் மெஷின் பீப் அடித்தால் நோயாளியின் மானிட்டர் அலாரம் என்று எழுந்து ஓடுகிறீர்கள். பைத்தியம் பிடிக்கிறதோ என்று கேட்கிறீர்கள். இல்லை. அந்தச் சத்தத்துக்கு ஓடி ஓடிப் பழகிய உடம்பு, வீட்டுக்கு வந்த பிறகும் ஓடுகிறது. பிளாஸ்டிக் உறை போட்ட டேப்லெட் கணினியை நோயாளியான ஒரு தாயின் முகத்துக்கு நேரே பிடித்து, மகள் வீடியோ அழைப்பில் பேசி முடிக்கும்வரை கை நடுங்காமல் நின்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அடக்கிய நடுக்கம்தான் இப்போது வருகிறது. 2020 தொடக்கத்தில் சீனாவில் 1,257 மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் விசாரித்தபோது பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. நோய் முதலில் பரவிய வூஹானில் இருந்தவர்கள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்கள், செவிலியர்கள், பெண்கள் ஆகியோருக்கே பாதிப்பு அதிகம். நீங்கள் கோழை என்பதால் வந்ததல்ல இது.

தோழி கொடுத்தார் என்று மூன்று வாரமாக அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போடுகிறீர்கள். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நோயாளி இப்படிச் செய்திருந்தால் நீங்களே கடிந்துகொண்டிருப்பீர்கள். அது மனச்சோர்வைத் தீர்க்காது, சீக்கிரமே உடம்பைப் பழக்கிவிடும். சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்புகூட வரலாம். மனநல மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மனச்சோர்வுக்கு அவர் தரும் மாத்திரை பலன்காட்டச் சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் கைவிட்டுவிடாதீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் புரிகிறது. மேலதிகாரியிடம் மருத்துவ விடுப்பு வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

இன்றிரவு டியூட்டிக்குப் போகாதீர்கள். அக்கா பயந்துவிடுவாள் என்று மறைத்தீர்களாம். பயப்படட்டும், பரவாயில்லை. மாத்திரை அட்டையை அவரிடம் கொடுங்கள், வேளைக்கு அவரே எடுத்துத் தரட்டும். எனக்கு எழுதிய அந்த ஒரு வரியை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக் காலை மனநல மருத்துவரிடம் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.