எஃப்எல்லா, ஏபிள்டனா? முதல் பாட்டுக்கு முன் வரும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் என் வேலை. பீட் செய்வேன், மிக்ஸ் பண்ணிக் கொடுப்பேன். முகூர்த்த நாட்களில் கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாண வரவேற்புகளுக்கு டிஜேவாகப் போவேன். "அக்கா, பாட்டு செய்ய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" என்று யாராவது கேட்காத வாரம் இல்லை. இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்): எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக், ரீப்பர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம் வைத்திருக்கிறேன். எனக்கு எது?

பதில்: தம்பி, லாஜிக்கை விட்டுவிடுங்கள், அது ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். மற்ற மூன்றும் உங்கள் லேப்டாப்பில் ஓடும். இதற்கு மேல் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பக்கத்தில் யார் எதை வைத்திருக்கிறார்கள்? ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ட்ராக்கில் (ஒரு வாத்தியமோ குரலோ இருக்கும் தடத்தில்) சத்தம் வரவில்லை என்றால் போனில் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளிடம் இருக்கும் சாஃப்ட்வேரையே நீங்களும் எடுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. எஃப்எல்லில் செய்த ப்ராஜெக்ட் ஏபிள்டனில் திறக்காது, ஏபிள்டனில் செய்தது ரீப்பரில் திறக்காது. இருவரும் ஒன்றையே வைத்திருந்தால் ஒரே பாட்டில் சேர்ந்து வேலை செய்யலாம்.

அப்படி யாரும் இல்லையென்றால், செய்யப்போகும் வேலையைப் பாருங்கள். பீட் கட்டுவதுதான் ஆசை என்றால் எஃப்எல். 1997-இல் ஃப்ரூட்டிலூப்ஸ் என்று வந்தது இதுதான். ஒரு முறை வாங்கினால் பிறகு வரும் பதிப்புகள் வாழ்நாள் முழுக்க இலவசம். ட்ரையலில் எல்லா வசதியும் இருக்கும், சேமிக்கவும் முடியும். ஆனால் சேமித்ததை மறுபடி திறக்கப் பணம் கட்ட வேண்டும். வாங்கும்போது ஒரு கவனம்: இருப்பதிலேயே விலை குறைந்த ஃப்ரூட்டி எடிஷனில் குரல் பதிவு செய்ய முடியாது. பாடுகிறவர் என்றால் ப்ரொட்யூசர் எடிஷன்தான்.

மேடையில் லூப்களை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகளை, தட்டித் தட்டி வாசிக்க வேண்டுமா? ஏபிள்டன். அதன் செஷன் வியூ என்ற திரை அதற்கென்றே பிறந்தது. ஜூன் 21 அன்று பாண்டியில் ஃபெத் த லா மியூசிக் என்ற இசைத் திருவிழாவில் வாசிக்க நினைக்கிறவர்கள் இதைப் பழகலாம். பல மிடி கீபோர்டுகளுடன் (கணினியில் மாட்டி வாசிப்பவை) லைவ் லைட் என்ற அதன் சிறு பதிப்பு இலவசமாக வரும். அதில் 8 ட்ராக்தான், ஆனால் முதல் பாட்டுக்கு 8 ட்ராக் தாராளம்.

குரல், கிட்டார், தவில் என்று மனிதர்கள் வாசிப்பதைப் பதிவு செய்வதுதான் முக்கிய வேலை என்றால் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பார்க்கலாம். தனி ஆளுக்கான லைசென்ஸ் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் இலகுவாக ஓடும். உள்ளே வாத்தியங்கள் அதிகம் கிடையாது, நாம்தான் பிளக்-இன் (சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் வாத்தியம், எஃபெக்ட்) தேடிப் போட வேண்டும்.

எதை எடுத்தாலும் சரி, ஒரு பாட்டை முழுதாக முடிக்கும் வரை மாற்றாதீர்கள். எட்டு பார் லூப்பைப் பாட்டு என்று நான் எண்ண மாட்டேன்.

கேள்வி (பண்ருட்டி): கடையில் 300 ரூபாய்க்கு கிராக் (திருட்டு நகல்) போட்டுத் தருகிறார்கள். கற்றுக்கொள்ளும் வரை அதை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நானும் ஆரம்பத்தில் ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக்கொண்டேன். ஒரு வரவேற்புக்கு முந்தின இரவு ப்ராஜெக்ட் திறக்கவே இல்லை. கூடவே வந்த வைரஸ் தங்கையின் கல்லூரி ஃபைல்களையும் கெடுத்துவிட்டது. அவள் அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எல்எம்எம்எஸ், வேவ்ஃபார்ம் ஃப்ரீ என்று நேர்மையான இலவசங்கள் இருக்கும்போது அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். அந்த 300 ரூபாயை ஹெட்போனுக்குச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி (சிதம்பரம்): எங்கள் வீட்டில் நாதஸ்வரம் பரம்பரைத் தொழில். நான் எலெக்ட்ரானிக் பக்கம் போக ஆசைப்படுகிறேன். கீபோர்டில் வாசித்தால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, வரவில்லை. எந்த சாஃப்ட்வேரில் வரும்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்வேன்.

தோடி ராகத்தின் காந்தாரச் சுரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கிறது. கீபோர்டோ ஒரு கட்டைக்கு ஒரு சுரம் என்று செய்யப்பட்டது. சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இருக்கிறதே என்றால், பெரும்பாலான பிளக்-இன்களில் அது மேலே இரண்டு அரைசுரம், கீழே இரண்டு அரைசுரம் என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். அதை 12-க்கு மாற்றுங்கள். அப்புறம் சக்கரத்தை விரலால் உருட்டிப் பழகுங்கள். முதல் வாரம் கோணல்மாணலாக வரும், கை பழகிவிடும்.

எஃப்எல்லில் ஸ்லைட் நோட் என்று ஒன்று உண்டு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும். பியானோ ரோலில் (சுரங்களை வரையும் திரையில்) வரைந்தே ஜாரு, அதாவது வழுக்கும் கமகம், செய்துவிடலாம். ஆனால் எஃப்எல்லின் சொந்த வாத்தியங்களில் மட்டும் வேலை செய்யும், வெளியிலிருந்து போட்ட விஎஸ்டி பிளக்-இன்களில் செய்யாது. இது தெரியாமல் பலர் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஏபிள்டனில் 11-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக பிட்ச் வளைவு வரையலாம். அந்த வசதிக்கு எம்பிஇ என்று பெயர். எனக்குக் கமக வேலைக்கு அது பிடித்திருக்கிறது.

தாளம் இவ்வளவு சிக்கல் இல்லை. மிஸ்ர சாபுவுக்கு 7/8, கண்ட சாபுவுக்கு 5/8 என்று போட்டால் போதும். எஃப்எல்லில் 2018-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்துதான் இது முறையாக உண்டு. பழைய பதிப்பில் திண்டாட வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் மனதில் இருப்பது வேறு. தம்பி, உங்கள் வீட்டிலேயே நாதஸ்வரம் வாசிக்கிறவர் இருக்கிறார். உதட்டாலும் மூச்சாலும் அவர் கொண்டுவருவதைச் சக்கரத்தில் தேடுவானேன்? அப்பாவை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். மைக்கை அணைசுக்கு (நாதஸ்வரத்தின் அகன்ற கீழ்முனைக்கு) நேராக வைக்காமல் நாலைந்து அடி தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். அதிகபட்சச் சத்தம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாதபடி கெய்ன் என்ற பதிவு அளவைக் குறையுங்கள். அவர் சுருதியை முதலில் அளந்து, சிந்தஸைசரை அதற்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கீபோர்டின் சுருதிக்கு வரச் சொல்லாதீர்கள். அந்தப் பதிவுக்குக் கீழே உங்கள் எலெக்ட்ரானிக் பேஸை வைத்துப் பாருங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): டிஜே கற்றுக்கொள்கிறேன். இரு பாட்டுகளின் வேகத்தைச் சேர்க்கும் சிங்க் பட்டனில் புதுப் பாட்டுகள் ஒட்டுகின்றன, எழுபதுகளின் பாட்டுகள் ஓடிவிடுகின்றன. சாஃப்ட்வேர் கோளாறா?

பதில்: இல்லை. அந்தக் காலத்தில் இசைக்குழு மொத்தமும் உட்கார்ந்து வாசித்தார்கள், கணினி க்ளிக் கிடையாது. சரணத்தில் கொஞ்சம் வேகம் ஏறும், முடிவில் இறங்கும். சாஃப்ட்வேர் சீரான பீட் கிரிட் (தாளக் கோடுகள்) போடுவதால் அரை நிமிடத்தில் விலகிவிடும். ரெகார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாஃப்ட்வேரில் கிரிட்டைக் கையால் இடையிடையே திருத்தலாம். அதைவிட நல்லது, சிங்க்கை அணைத்துவிட்டுக் காதால் சேர்க்கப் பழகுவது. ஆறு எட்டுத் தாளத்தில் வரும் குத்துப் பாட்டுகளில் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) கணக்கே தப்பாகக் காட்டும், டேப் பட்டனில் நீங்களே தட்டிப் பாருங்கள். பழகுவதற்கு மிக்ஸ் (Mixxx) என்ற டிஜே சாஃப்ட்வேர் போதும், மூன்று எக்ஸ் போட்டுத் தேடுங்கள். முழுக்க இலவசம். கன்ட்ரோலர் வாங்கும்போது அதனுடன் வருவதற்கு மாறிக்கொள்ளலாம்.

கேள்வி (புதுச்சேரி): எனக்குப் பார்வை கிடையாது. கீபோர்டு நன்றாக வாசிப்பேன். எல்லா சாஃப்ட்வேரும் படமாகவே இருக்கிறது என்கிறார்கள். வழி உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. விண்டோஸில் என்விடிஏ திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ரீப்பர் போட்டு, கூடவே ஒசாரா என்ற இலவச இணைப்பையும் நிறுவுங்கள். பார்வையற்ற இசைக்கலைஞர்களே முன்னின்று வளர்த்தது அது. ட்ராக் பெயர், ஒலி அளவு, கர்சர் நிற்கும் பார் எல்லாம் வாயால் சொல்லும், மௌஸ் தேவையில்லை. மேக் இருந்தால் வாய்ஸ்ஓவர் திரைவாசிப்பானுடன் லாஜிக்கும் நன்றாக ஒத்துப்போகும். நிறுவுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஒரு ஞாயிறு காலை மாடிக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): கட்டையை அழுத்தினால் சத்தம் தாமதமாக வருகிறது. புது லேப்டாப் வாங்கணுமா?

பதில்: முதலில் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதை மாட்டுங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் சாஃப்ட்வேரின் ஆடியோ அமைப்பில் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்து, பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) என்பதைக் குறையுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் 23 மில்லிசெகண்ட் தாமதம், 256 என்றால் 6-க்குள் வந்துவிடும். மிக்ஸ் செய்யும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். கடலோரம் என்பதால் இன்னொன்று: கீபோர்டு, இன்டர்ஃபேஸ் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். உப்புக்காற்று ஜாக்குகளைச் சீக்கிரம் பிடித்துவிடும்.

கேள்வி (வில்லியனூர்): என்னிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: பேண்ட்லேப் என்ற ஆப். இலவசம், இன்றைக்கே தொடங்கலாம். பிறகு லேப்டாப் கிடைத்தால் அதே கணக்கில் பிரவுசரிலும் தொடரலாம்.

கேள்வி (அரியாங்குப்பம்): ஒரு ரிசார்ட்டில் முதல் வாய்ப்பு. அங்கே சிடிஜே (பென்டிரைவிலிருந்து பாட்டு ஓட்டும் டிஜே பிளேயர்) இருக்கிறதாம், லேப்டாப் தேவையில்லை என்கிறார்கள். நான் செராட்டோ என்ற லேப்டாப் டிஜே சாஃப்ட்வேரில்தான் பழகினேன்.

பதில்: வாழ்த்துகள் தம்பி! சிடிஜேவுக்கு ரெகார்ட்பாக்ஸில்தான் பாட்டுகளைத் தயார் செய்ய வேண்டும்: அதன் இலவசப் பதிப்பை இறக்கி, பாட்டுகளை அதில் அலசவிட்டு, ஹாட் க்யூ (ஒரு தட்டில் பாய்ந்து போகும் இடக்குறி) போட்டு, பென்டிரைவுக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிரைவை ஃபேட்32-வில் ஃபார்மேட் செய்யுங்கள், பழைய சிடிஜேக்கள் எக்ஸ்ஃபேட், என்டிஎஃப்எஸ் இரண்டையும் படிக்காது. அதே பாட்டுகளோடு இரண்டாவது டிரைவ் ஒன்றும் பையில் இருக்கட்டும். முடிந்தால் அன்று மாலை கூட்டம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், இரண்டையும் செருகிப் பார்த்துவிடுங்கள்.