“அழுத்தக்காரன், ஆனால் நல்லவன்” என்று எழுதலாமா?

கேள்வி: பர்மாவில், யாங்கோனில் இருக்கிறேன். என் அக்கா மகனுக்கு மௌல்மேனில் ஒரு பெண் பார்த்தோம். பையனைப் பற்றித் தமிழில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். நாலு கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்கிற ரகம் அவன். அதனால் “கொஞ்சம் அழுத்தக்காரன், ஆனால் நல்லவன்” என்று எழுதினேன். அத்தானைக் “கை இறுக்கமானவர்” என்றேன். இப்போது பெண் வீட்டில் யோசிக்கிறார்கள். நான் கோயில் வகுப்பில் தமிழ் படித்தவன். எந்தச் சொல் தப்பு?

பதில்: இரண்டுமே இடறிவிட்டன ஐயா.

முதலில் பையன். அழுத்தக்காரன் என்றால் பேசாதவன் என்று மட்டும் பொருளில்லை. அவனிடம் விஷயம் இருக்கிறது, கேட்டும் சொல்லவில்லை, உள்ளேயே போட்டு அமுக்கி வைத்திருக்கிறான் என்று பொருள். இந்தச் சொல்லைச் சொல்பவர் பெரும்பாலும் கேட்டுப் பார்த்து ஏமாந்தவர்தான். அம்மா மகனைச் சொல்வார், மனைவி கணவனைச் சொல்வார். வீட்டுக்குள் அதில் செல்லம்கூட இருக்கும். முன்பின் தெரியாத பெண் வீட்டாருக்கு அதையே எழுதினால், ‘எதையோ மறைக்கிறான்’ என்றுதான் படிப்பார்கள்.

இதற்குச் சொந்தக்காரச் சொற்கள் இன்னும் மோசம். கல்லுளிமங்கன், என்ன கேட்டாலும் அசையாதவன். அமுக்குணி, சத்தமில்லாமல் தன் காரியத்தை முடித்துக்கொள்பவன். உம்மணாமூஞ்சியில் பேசாதது பாதி, சிரிக்காதது பாதி. இவை திட்டுவதற்கு அருமையான சொற்கள். வரன் கடிதத்துக்கு ஆகாதவை.

அப்போது எதைத்தான் எழுதுவது? அவன் ஏன் பேசுவதில்லை என்று பாருங்கள், சொல் தானாக வரும். புதியவர்களைக் கண்டால் மட்டும் வாய் அடைக்கிறதா? கூச்ச சுபாவம் என்று எழுதுங்கள். பழகினால் போய்விடும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லோரிடமும் தேவையானதை மட்டும் சொல்கிறானா? அளந்து பேசுபவன். குரலே உயராதா? அதிர்ந்து பேசாதவன். இது முழுப் பாராட்டு, பெண்ணைப் பெற்றவர்கள் விரும்பிப் படிக்கிற சொல். ‘அடக்கமானவன்’ வேண்டாம். அது பேச்சை அல்ல, பணிவைச் சொல்கிறது.

யாங்கோனில் வளர்ந்த பையன் என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். அவனுடையது ‘ஆனாடே’யாக இருக்குமோ? அடுத்தவருக்குச் சிரமம் ஆகிவிடுமே, அவர் முகம் வாடிவிடுமே என்று, கேட்க வேண்டியதையும் கேட்காமல், மறுக்க வேண்டியதையும் மறுக்காமல் நிற்கிற அந்தக் குணம்? பர்மிய மொழியில் ‘வலிமை’, ‘வலித்தல்’ என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. முகத்துக்கு நேரே மறுக்க முடியாத பாதியைத் ‘தாட்சண்யம்’ பிடிக்கும்; கேட்கத் தயங்குகிற பாதிக்குச் ‘சங்கோஜம்’ வேண்டும். மௌல்மேன்காரர்களுக்கு விளக்கவா வேண்டும்? “ஆனாடே பார்ப்பவன்” என்று தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள். எந்த அகராதிச் சொல்லையும்விட அது அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

இனி அத்தான். ‘கை இறுக்கம்’ என்பது கஞ்சத்தனத்தை மரியாதையாகச் சொல்லும் வழி. மரியாதை இருந்தாலும் பொருள் அதேதான். கருமி, கஞ்சன், ஏட்டில் உலோபி, தெருவில் பிசினாரி. கடைசிச் சொல்லைக் கேட்டால் பிசின் மாதிரிக் காசு கையில் ஒட்டிக்கொண்டதாகவே தோன்றும். வேடிக்கை என்னவென்றால், கஞ்சனுக்கான பர்மியச் சொல்லிலும் ‘ஒட்டுவது’, ‘பிசுபிசுப்பது’ இரண்டும் உண்டு. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்கிறோமே, ஒரு பருக்கை தெறித்துக் காக்கைக்குப் போய்விடுமாம். குறளிலும் (1077) கயவர் ஈரக்கையை உதறக்கூட மாட்டார்கள்.

நீங்கள் சொல்ல நினைத்தது சிக்கனம் என்றால், சொல்லே வேறு. தனக்கென்று வரும்போது குறைத்துக்கொள்பவர் சிக்கனமானவர். பிறருக்கென்று வரும்போது மூடிக்கொள்பவர் கஞ்சர். அத்தான் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு விருந்தாளிக்குக் கோழி அடிப்பவரா? சிக்கனம் என்று தாராளமாக எழுதலாம். ‘செட்டானவர்’ என்பதும் அழகான சொல்தான், எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் நம் பர்மாவில் அதைக் கேட்டதும் உழவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் நினைவு வந்து, கூடவே பழைய கணக்கும் வரும். 1930களில் நெல் விலை விழுந்து கடன் கட்ட முடியாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால் பங்கு நிலம் 1937க்குள் அவர்கள் கைக்குப் போயிருந்தது. கல்யாணக் கடிதத்தில் அந்த நினைவு எதற்கு?

அப்புறம், அந்த “ஆனால் நல்லவன்”. அதை முதலில் எடுத்துவிடுங்கள். ‘ஆனால்’ வந்துவிட்டால், முன்னால் இருப்பது குறைதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: “பையன் அதிர்ந்து பேசாதவன். ஆனாடே பார்ப்பவன். பழகிவிட்டால் நன்றாகப் பேசுவான். அப்பா சிக்கனமானவர், வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டார்.” கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள், நாளைக்கே அவர்கள் சாப்பிடவும் வருவார்கள்.