மூன்றில் ஒரு பங்கு ஓட்டு

அன்புள்ள ஐயா,

மாநிலங்களவை என்பது தேர்தலில் தோற்றவர்களையும் தலைவருக்கு வேண்டியவர்களையும் உட்காரவைக்கும் திண்ணைதானே? வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவைக்கூட அதனால் தடுக்க முடியாது. 1986ல் எம்.ஜி.ஆர். இங்கே மேலவையை ஒழித்தார், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. டெல்லியிலும் அப்படிச் செய்தால் என்ன?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

திண்ணை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சபைகளையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மாநில மேலவையால் ஒரு மசோதாவை அதிகம் போனால் நான்கு மாதம் இழுத்தடிக்கலாம், அவ்வளவுதான். மாநிலங்களவையின் கதை வேறு.

1970 செப்டம்பர் 5. முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மன்னர் மானியத்தை ஒழிக்கும் அரசியல் சட்டத் திருத்தம் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வருகிறது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்குக்கு 149.33 வேண்டும். ஓட்டை உடைத்துப் போட முடியாதே! மசோதா விழுந்தது. இந்திரா காந்தி அரசு மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தைப் பறித்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அந்த மாதமே மக்களவை கலைக்கப்பட்டது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி பெற்று வந்த பிறகுதான் 26ஆவது திருத்தம் நிறைவேறியது. அன்று அந்தச் சபையை நானும் திட்டித் தீர்த்திருப்பேன். மன்னர்கள்மேல் எனக்கு எந்தப் பாசமும் கிடையாது. ஆனாலும் விஷயம் மக்களிடம் போய்த் திரும்பியதில் தவறு காண முடியவில்லை.

எப்போதும் நல்லதையே செய்தது என்று சொல்லவரவில்லை. நெருக்கடி நிலையின் கோணல்களைச் சரிசெய்ய ஜனதா அரசு 1978ல் கொண்டுவந்த திருத்தத்தில் பொதுவாக்கெடுப்புப் பிரிவு உட்பட சிலவற்றை அங்கே பெரும்பான்மையோடு இருந்த காங்கிரஸ் வெட்டியெறிந்தது.

சாதாரண மசோதா என்றால் இரண்டு சபைகளையும் சேர்த்துக் கூட்டுக் கூட்டம் போட்டுத் தாண்டிவிடலாம். 2002ல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் வந்தது. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு அந்த வழி இல்லை. பண மசோதா பற்றி நீங்கள் சொன்னது சரி, 14 நாள் வைத்துக்கொண்டு பரிந்துரை சொல்லலாம், அதோடு சரி. ஆகவே அரசுகள் கண்டுபிடித்த குறுக்குவழி, மசோதாவின் நெற்றியில் ‘பணம்’ என்று எழுதிவிடுவது. 2016ல் ஆதார் மசோதா அப்படித்தான் வந்தது. மாநிலங்களவை சொன்ன திருத்தங்களை மக்களவை அன்றைக்கே தள்ளிவிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. அதைப் பண மசோதாவாகக் கொண்டுவந்ததே தவறு என்று மறுத்தவர் நீதிபதி சந்திரசூட். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, திண்ணையை இடிக்கலாமா என்று மறுபடி எழுதுங்கள்.