மரப்பிடி மடக்குக் கத்தி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மரப்பிடி மடக்குக் கத்தி ஓர் இரவு முழுவதும் தண்ணீரில் கிடந்துவிட்டது. அதற்குப் பிறகு அலகை வெளியே இழுப்பதற்குள் நகம் பெயர்ந்துவிடும் போலிருக்கிறது. மூட்டில் தேங்காய் எண்ணெய் விட்டேன். முதலில் சற்று இளகியது. இப்போது பிசுக்கும் சிக்கு வாடையும்தான் மிச்சம். பிடியின் பள்ளத்தை உப்புத்தாளால் தேய்த்து அகலப்படுத்தலாமா?

பதில்: இப்போதைக்கு உப்புத்தாளைத் தொடாதீர்கள். உங்கள் கத்தியில் பழுதானது எஃகு அன்று. மரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது நார் ஓடும் திசையில் பெரும்பாலும் 0.1 முதல் 0.3 சதவீதம் வரைதான் சுருங்கும். ஆனால் நாருக்குக் குறுக்கே, பீச் (beech) போன்ற மரங்களில், சில திசைகளில் 10 சதவீதத்துக்கும் மேல் சுருங்கும். ஈரம் ஏறும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. கத்திப்பிடியில் நார் நீளவாக்கில் ஓடுவதால், பிடியின் நீளம் மாறாமல் அலகு நுழையும் பள்ளத்தின் இரு சுவர்களும் பருத்து அலகை நெருக்குகின்றன. துருவால் இறுகிய மூட்டு மணல் கடிபடுவதுபோல் நறநறக்கும். ஊதிய மரமோ சத்தமின்றி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகப் பிடித்து இழுக்கும்.

அலகின் முதுகைத் தடித்த துணியால் சுற்றி, குறட்டால் பிடித்து மெல்ல வெளியே எடுங்கள். பிறகு விரித்த நிலையிலேயே, காற்றோட்டமுள்ள நிழலில் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால், மேற்பரப்பு முந்திச் சுருங்கி உள்மரம் பின்தங்குவதால், அலகைப் பிடியோடு இணைக்கும் தறையாணி செல்லும் துளையிலிருந்து நீளவாக்கில் வெடிப்பு கிளம்பும். இத்தனைக்கும் பொறுமையின்றி நானே ஒருமுறை, ஈரம் காயும் முன் பள்ளத்தைத் தேய்த்து அகலமாக்கினேன். மரம் உலர்ந்த பிறகு அந்தக் கத்தி சட்டைப்பைக்குள் தானாகவே திறந்துகொள்ளத் தொடங்கியது. தேய்த்த மரத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்? நன்றாக உலர்ந்த பின்னும் இறுக்கம் இருந்தால் மட்டும், பள்ளத்தின் சுவரில் எங்கே உராய்ந்து பளபளக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மாத்திரம் 240 எண் உப்புத்தாளை மெல்லிய அட்டையில் மடித்து இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள்.

தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஏற்றதன்று. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடும். உலர்ந்து படலமாகாமல் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் காறிப்போகும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதை மூட்டிலிருந்து துடைத்தெடுத்துவிட்டு, ஆணியருகே ஒரே ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் விடுங்கள். மரத்துக்கு வேண்டியது ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகிப் படலமாகும். ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்துமே தவிர முற்றிலும் தடுத்துவிடாது என்பதால், கத்தியைத் தண்ணீரில் ஊறவிடும் வழக்கம் இனி கூடாது. உணவு நறுக்கும் கத்தியாயின், விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்து விற்கப்படும் வகையைத் தவிர்த்து, கலப்பில்லாத எண்ணெயையே மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் எறிய வேண்டாம். அந்த எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். அதை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

கேள்வி: விரித்த கத்தியின் அலகு ஆடுகிறது. ஆணியைச் சுத்தியலால் அடித்து இறுக்கலாமா?

பதில்: எந்தப் பக்கம் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். இடம் வலமாக ஆடினால் தறையாணி தளர்ந்திருக்கிறது, அல்லது வறண்ட காற்றில் மரம் சுருங்கியிருக்கிறது. ஆணியின் ஒரு தலையைக் கனத்த இரும்பின் மேல் வைத்து, மறு தலையைச் சிறு உருண்டைத்தலைச் சுத்தியலால் மூன்று நான்கு முறை மெல்லத் தட்டி, ஒவ்வொரு முறையும் மடக்கி விரித்துப் பார்க்க வேண்டும். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும். அளவுக்கு மீறி இறுகினால் மறுபடி தளர்த்துவது பெரும்பாடு. மேலும் கீழுமாக ஆடினால், முதுகுப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையோ அலகின் அடிப்பகுதியோ தேய்ந்திருக்கிறது. அதைச் சுத்தியல் சரிசெய்யாது.

ஸ்பிரிங்கே இல்லாமல், திருகும் வளையத்தால் அலகைப் பூட்டும் கத்திகளும் உண்டு. பிரான்சின் சவோய் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் தொடங்கிய கத்தி வரிசையில் இந்தப் பூட்டு வளையம் 1955-இல்தான் சேர்ந்தது. அதுவரை மரத்தின் இறுக்கமும் ஆணியும் மட்டுமே அலகைத் தாங்கின. வளையம் தளர்ந்து வழுக்கும் கத்தியைச் சீராகும் வரை பயன்படுத்தாதீர்கள், விரல்மேல் மடங்கிவிடும்.

கேள்வி: பழம் நறுக்கிய பிறகு அலகு சாம்பல் நிறமாகிவிட்டது. துருவா?

பதில்: அன்று. கார்பன் எஃகு பழத்தின் புளிப்போடு வினைபுரிந்து பெற்ற மேல்நிறம் அது. இருக்கட்டும், செந்துருவைச் சற்றே தள்ளிப்போடும். விரலில் செந்நிறப் பொடியாக ஒட்டினால்தான் கவலை. மெல்லிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுங்கள். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் உள்ள ஸ்டெயின்லெஸ் அலகில் இந்த நிறம் எளிதில் ஏறாது.

கேள்வி: சாணைக்கல்லில் எந்தக் கோணத்தில் தீட்டுவது? கோணத்தை எப்படி அளப்பது?

பதில்: பக்கத்துக்கு 20 டிகிரி பொதுவான வேலைகளுக்குப் போதும். பாகைமானி தேவையில்லை. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் கோணம் ஏறத்தாழ 20 டிகிரியாக அமையும், 20 மி.மீ. அகல அலகுக்கு அது 7 மி.மீ. கத்தியின் வாயோரத்தில் மார்க்கர் மையைப் பூசிவிட்டு இரண்டு முறை தீட்டிப் பாருங்கள். மை வாய்விளிம்பிலேயே அழிந்தால் கோணம் சரி, சற்று மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் உயர்த்த வேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் நுண்ணிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும். அது அடி முதல் நுனி வரை தட்டுப்பட்ட பிறகே பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில் மென்மையான கல்லிலும் தோல்வாரிலும் பிசிறை நீக்குங்கள். மின்சாரச் சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறி, 300 டிகிரி வாக்கில் நீலம் பாயும். அந்த நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குக் கீழே நல்ல எஃகு வரும்வரை தேய்த்துத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை.