மூணு வயசுக் குழந்தைக்கு யூனிவர்சலா, லெகோலாண்டா?

வணக்கம் சகோ. சிங்கப்பூர்ப் பயணத்தில் மகளை எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். மகளுக்கு மூணு வயசு, உயரம் 92 செ.மீ. என்றால் சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டுடியோஸை இந்த முறை விட்டுவிடுங்கள். அங்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரியில் ஏறவே 102 செ.மீ. உயரம் வேண்டும். வேறொரு பூங்காவில் என் பையனை அளவுகோல் அருகே நிறுத்திப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்; குதிகாலை எக்கி எக்கி நின்றான் பாவம், எனக்கு மனசே கேட்கவில்லை.

எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜொகூரில் உள்ள லெகோலாண்ட் பூங்கா 2 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கானது. அங்கே டூப்ளோ (பெரிய லெகோ கட்டைகள்) பகுதி சின்னஞ்சிறுசுகளுக்கென்றே உள்ளது. லெகோ கட்டைகளால் குட்டி ஊர்கள் கட்டிவைத்திருக்கும் மினிலாண்டில் குட்டி ரயில் ஓடுவதை அவள் அலுக்காமல் பார்ப்பாள், அவசரப்படுத்தாதீர்கள். வெயில் கடுமை, திறந்தவுடன் போய்விடுங்கள், தொப்பியும் மாற்றுத்துணியும் அவசியம்.

முக்கியமாக, எல்லை தாண்டித் திரும்பி வர உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இன்றே பாருங்கள்.