ஐந்நூறு ரூபாய் டின்

கேள்வி: குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கதவு நிலை, பத்தாயம் எல்லாம் யாரோ ஏற்கெனவே விலை பேசிவிட்டார்கள். கிளம்பும்போது அந்த வீட்டுப் பாட்டி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே சக்கரம் என்கிற திருவிதாங்கூர்க் காசுகள், கூடவே சங்கு போட்ட அஞ்சல் தலை ஒட்டிய பழைய உறைகள் ஒரு கட்டு. "இது ஏதாவது போகுமா மக்களே?" என்றார். "பழசுதான் பாட்டி, சும்மா ஆசைக்கு வாங்கிக்கிறேன்" என்று ஐந்நூறு கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். இரண்டு உறையை மட்டும் விற்றதிலேயே எட்டாயிரம் கிடைத்தது. பதினைந்து வருஷம் அலைந்து தெரிந்துகொண்ட விஷயத்துக்குக் கூலி என்று நான் நினைக்கிறேன், திருட்டு என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், மார்த்தாண்டம்

பதில்: திருட்டு இல்லை. ஆனால் உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

சட்டத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் பயப்பட அதிகம் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பொருளின் மதிப்பைத் தப்பாக நினைத்ததை ஒப்பந்தத்தைச் செல்லாமல் ஆக்கும் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை. வெறுமனே வாயை மூடிக்கொண்டிருப்பது மோசடி ஆகாது என்று 17-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் உதாரணமாக ஒரு குதிரை வருகிறது. "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறார் வாங்குகிறவர், விற்கிறவர் பேசாமல் நிற்கிறார், அந்த மௌனம் வாய்விட்டுச் சொன்னதற்குச் சமம் என்கிறது சட்டம். நீங்கள் மௌனமாகக்கூட இருக்கவில்லையே, பாட்டி கேட்டதற்கு "சும்மா ஆசைக்கு" என்று பதில் வேறு சொல்லியிருக்கிறீர்கள்.

நானும் ஒன்றும் சுத்தமான ஆள் இல்லை. தக்கலைப் பக்கம் பழைய சாமான் எடைக்கு வாங்கி விற்கும் ஒரு ஆக்கர் கடையில் பித்தளைக் குவியலுக்குள்ளிருந்து பொறுக்கிய காசுகளை எடைக்குப் போட்டு வாங்கியிருக்கிறேன், அன்றைக்கு ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். கடைக்காரர் வியாபாரி, கிலோவுக்கு இவ்வளவு என்று விலையை அவரே வைத்தார், என்னிடம் எதுவும் கேட்கவில்லை, தேடிப் பார்த்து எடுத்துவைக்க அவருக்கு நேரம் இல்லை, எனக்கு இருந்தது. பாட்டி அப்படியா? "மக்களே" என்று கூப்பிட்டுக் கேட்டவர் பேரமே பேசவில்லை, விலை சொல்கிற வேலையை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்.

உங்கள் பதினைந்து வருஷத்துக்குக் கூலி உண்டு, யார் இல்லை என்றது? விற்ற எட்டாயிரத்தில் அலைச்சலையும் செலவையும் கழித்துவிட்டு மிச்சத்தில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். விற்காததைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பெரியவரிடம் நான் இப்படித்தான் மூவாயிரத்தோடு திரும்பிப் போனேன். வாங்கி எண்ணிப் பார்த்தவர், "இவனே தேடிவந்து மூவாயிரம் தாறான்னா இவன் எவ்வளவு அடிச்சிருப்பான்" என்று என் முன்னாலேயே மகனிடம் சொன்னார். இன்றைக்கும் வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதனால் விற்றதற்கான அத்தாட்சி ஏதாவது இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனிடம் 1116 என்று போட்ட திருவிதாங்கூர் வெள்ளிக்காசு இருக்கிறது. தொள்ளாயிரம் வருஷத்துக் காசு, ஒரு லட்சத்துக்குக் குறைந்து தரமாட்டேன் என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம். அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் புழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. 825-ஐக் கூட்டுங்கள், 1941 வரும், அதாவது 1940-41. உங்கள் தாத்தா காலத்துக் காசு, அவ்வளவுதான். அண்ணனிடம் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமே இருக்காது பாருங்கள், விலை நமக்கு எதிராக இருந்தால் பாடம் நடத்த எல்லோருக்கும் வாய் வந்துவிடுகிறது. மேலே கடிதம் எழுதிய மார்த்தாண்டத்துக்காரரும் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார்.

சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுங்கள், காசு கறுத்திருக்கிறதே என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். சேகரிக்கிறவர்கள் தேய்த்த காசைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், இருக்கிற விலையும் போய்விடும்.